காலிக் கட்டிலின் குறட்டை

சிங்கத்துக்கு முகமூடி மாட்டியவன் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சிங்கமான மாமனாருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிறது. காற்றை ஊதித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவி ஒன்றை, முகமூடியோடு, டாக்டர் கொடுத்தார்.

"குறட்டையே விடாதவனுக்கு எதுக்கும்மா இது?" என்று மாமா கூடத்தில் என்னிடம் மல்லுக்கு நின்றார். அப்போது அவருடைய அறையில் குறட்டை கேட்டது. எட்டிப் பார்த்தோம். கட்டில் காலி, தலையணை மட்டும் அமுங்கியிருந்தது.

"பாத்தியா, அது நானில்ல."

"அப்ப அதுக்காவது மாட்டிவிடுங்க," என்றார் அத்தை.

குறட்டை சட்டென்று நின்றது. மாமாவுக்கும் மூச்சு வரவில்லை. தடுமாறிப் போய், முகமூடியைத் தலையணையில் பொருத்திக் கருவியை ஓடவிட்டார். அங்கே மூச்சு சீராக வந்தது. இவருக்கும் வந்தது.

"நான் மாட்டிக்கலையே," என்றார்.

பிறகு, குளிருமே என்று தலையணைக்குப் போர்வையும் போர்த்திவிட்டார்.