ஆர்லோவுக்கு ஒரு விரல்

"என் வண்டி, என் போன், என் கட்டைவிரல்! இதுல ஊர் மன்றத்துக்கு என்ன வேலை?" என்று டேரல் மேசையைக் குத்தினான்.

வண்டி ஓட்டிக்கொண்டே மெசேஜ் அடித்தால் அபராதம். மொன்டானாவில் பக்கத்து ஊர்களெல்லாம் சட்டம் போட்டுவிட்டன. எங்கள் ஊரில் மட்டும் இழுபறி.

"விபத்து நடக்குதுப்பா" என்றாள் தலைவி வெல்மா.

"பர்கர் தின்னுக்கிட்டு ஓட்டலாமா?"

"ஓட்டலாம்."

"மடியில ஆட்டுக்குட்டிய வெச்சு, பாட்டில்ல பால் குடுத்துக்கிட்டே ஓட்டலாமா?"

வெல்மா சட்ட நகலைப் புரட்டினாள். "ஓட்டலாம்."

"பொண்டாட்டிக்கு ஒரு வரி அடிச்சா மட்டும் குத்தமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

கூட்டம் கைதட்டியது. சட்டம் செத்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஆர்லோ எழுந்தார். மனைவி ஐரின் இறந்தபிறகு மாடுகளோடு தனியாக இருப்பவர். வாயே திறக்காத மனிதர்.

"எனக்கு யாரும் விரல் தூக்கறதில்ல" என்றார்.

சிலர் சிரித்தார்கள். டேரல் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கவேண்டும். அதுதான் வணக்கம். தூக்காதவனைத் திமிர் பிடித்தவன் என்போம்.

"ஐரின் போனப்புறம் எனக்கு மனுஷ சகவாசம்னா அந்த விரல்தான். இப்ப எல்லாரும் மடியில இருக்கற போனப் பாத்துக்கிட்டே போறீங்க. நான் மட்டும் விரலத் தூக்கிக்கிட்டே ஊருக்கு வந்து, தூக்கிக்கிட்டே திரும்பறேன். செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அவர் உட்கார்ந்தார். கைதட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டேரலுக்கு மட்டும் விட மனசில்லை. "விரல் தூக்கறதும் ஸ்டியரிங்ல இருந்து கைய எடுக்கறதுதானே? அதையும் தடை பண்ணுங்க பாப்போம்!"

அதையும் விடாமல் விவாதித்தார்கள். கடைசியில் 'வணக்கம் சொல்லும் விரலுக்கு மட்டும் விலக்கு' என்று ஒரு வரி சேர்த்து, சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. டேரலும் கை தூக்கினான்.

வெளியே ஆர்லோ தன் பிக்கப் வண்டியில் ஏறப்போனார். டேரல் பின்னாலேயே வந்தான்.

"மன்னிச்சுக்கங்க, பெரியவரே. பக்கத்து நிலத்துக்காரன், நானே உங்கள மறந்துட்டேன். போன் இருக்கா உங்ககிட்ட?"

"மக வாங்கிக் குடுத்தா. வண்டியிலதான் கெடக்கு, பெட்டியக்கூடப் பிரிக்கல."

பெட்டியைப் பிரித்து, வண்டியின் பானெட் மேல் வைத்து, மெசேஜ் அடிப்பது எப்படி என்று டேரல் காட்டிக்கொடுத்தான்.

"ஊர்ல எல்லார் நம்பரும் ஏத்திட்டேன். என்ன வேணும்னாலும் ஒரு வரி போடுங்க."

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கே, தம்பி" என்றார் ஆர்லோ. முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு.

மறுநாள் காலை சாலையில் திருவிழா. ஆர்லோவின் பழைய பிக்கப்பைக் கண்டதும் விரல்கள் எழும்பின. வெல்மா தூக்கினாள். பாதிரியார் ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கினார். பால் வண்டிக்காரன் முழுக் கையையும் ஆட்டினான்.

ஆர்லோ ஒருவருக்கும் பதில் விரல் தூக்கவில்லை. ஒரு பார்வை பார்த்ததோடு சரி, உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த ஆளுக்காகவா ராத்திரி கண் கலங்கினேன்!" என்று வெல்மா வாய்விட்டே திட்டினாள். பையில் போன் டிங் என்றது. தொடவில்லை. அவள் போட்ட சட்டமாயிற்றே. பாதிரியாரின் போனும் டிங் என்றது, பால் வண்டிக்காரனுடையதும். சட்டத்துக்குப் பயந்து ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

வளைவில் டேரல் தன் வேலியோரம் நின்றிருந்தான். விரலென்ன, தொப்பியையே கழற்றி ஆட்டினான்.

சாலை திரும்பியது. பிக்கப் திரும்பவில்லை. நேராக வேலியைப் பிய்த்துக்கொண்டு போய், வைக்கோல் போரில் பாதிவரை புதைந்து நின்றது. மாடுகள் கூடி வேடிக்கை பார்த்தன.

"ஐயோ, பெரியவரே!" டேரல் விழுந்தடித்து ஓடிக் கதவைத் திறந்தான்.

ஆர்லோவுக்கு ஒரு கீறல் இல்லை. புருவத்தில் வைக்கோலோடு, குனிந்து, தொடைமேல் எதையோ ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார்.

"அடிகிடி பட்டுச்சா? பேசுங்க!"

"இரு தம்பி, உனக்குத்தான். முடியப் போகுது."

டேரலின் சட்டைப்பையில் போன் டிங் என்றது. எடுத்துப் படித்தான்.

'டேரல், தொப்பி ஆட்டினதுக்கு நன்றி. இன்னிக்கு எல்லாரும் விரல் தூக்கினாங்க. ஒருத்தர் விடாம நன்றி அனுப்பிக்கிட்டே வரேன்.'