ஒரு வரிச் சாட்சி

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா கலைச்சிருப்பேன்."

"ஸ்டவ் சத்தத்துல எனக்கே கேக்கல. கோர்ட்டுல எவனுக்குக் கேக்கும்? சத்தமா சொல்லு," என்றான் வேலப்பன்.

கன்னியம்மா பம்ப் ஸ்டவ்வை இன்னும் நாலு அடி அடித்து இரைச்சலைக் கூட்டினாள். "பாப்பா காதுல வுழுந்துட்டா நான் செத்தேன்யா."

எர்ணாவூர் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. ஒளித்துப் பேச வேறு இடமில்லை. ஒரு வாரமாக நாடக வசனம் போலப் பழகியும், அந்த ஒரு வரி அவளுக்குச் சத்தமாக வரவில்லை.

மகள் மாயா சுவரோரம் பாயில் கிடந்தாள். பிறக்கும்போதே முதுகுத்தண்டு மூடவில்லை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பள்ளிக்கூடம் பார்க்காதவள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்திப் படிப்பதைக் கேட்டே வாய்ப்பாடு முழுக்க ஒப்பிப்பாள். அவர்கள் திக்கினால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்தும் கொடுப்பாள்.

வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்ன டாக்டர் மேல்தான் வழக்கு. குறை தெரிந்திருந்தால் பெற்றிருக்க மாட்டேன் என்று தாய் வாயால் சொன்னால்தான் நஷ்டஈடு கிடைக்கும் என்று வக்கீல் அடித்துச் சொல்லிவிட்டார்.

"பெத்த வாயால அத்த எப்டிய்யா சொல்றது?"

"நம்ம போன பொறவு அவளுக்கு யாரு கீறா? அத்த நெனச்சிக்கினு சொல்லு."

மறுநாள் நுகர்வோர் கோர்ட்டில், மாயாவை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார்கள். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வேலப்பன் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"ஸ்கேன்லயே குறை தெரிஞ்சிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

கன்னியம்மா வாயைத் திறந்தாள். காலையில் அவளே பின்னிவிட்ட இரட்டைச் சடையும், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த கண்களும் எதிரே தெரிந்தன. இதைச் சொல்லவா இத்தனை நாள் பழகினோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளுக்காக இதைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்கிறோமே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வக்கீல் இருமிக் காட்டினார். வேலப்பன் கண்ணாலேயே கெஞ்சினான். அம்மா திக்குவதை மாயாவால் பொறுக்க முடியவில்லை.

"'முன்னாடியே தெரிஞ்சிருந்தா கலைச்சிருப்பேன்'... சத்தமா சொல்லும்மா."