டோக்கன் நோட்டு

"எங்களை பாத்ரூம் போக விடாமல் கொடுமைப்படுத்துகிறார் சூப்பர்வைசர் அனுப்ரியா."

கையெழுத்தில்லாத அந்தக் கடிதம் ஒரு மாதத்துக்கு முன் சகாயராஜுக்கு வந்தது. பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில் தொழிலாளர் உரிமை மன்றம் நடத்துகிறவர். நாற்பது வருடமாக அவர் எழுதிய மனுக்களில் பாதி எந்த அலமாரியில் தூங்குகிறதென்று அவருக்கே தெரியாது. இந்தக் கடிதத்தை வைத்துப் போட்ட மனு தூங்கவில்லை. மனித உரிமை ஆணையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி நேராகப் பனியன் கம்பெனிக்கே விசாரணைக்கு வந்துவிட்டார்.

"நாப்பது பேருக்கு ஒரே ஒரு டோக்கன், மேடம்," என்றார் சகாயராஜ். "இந்த சூப்பர்வைசரம்மா மேசையில இருக்கும். பாத்ரூம் போறவங்க நோட்டுல பேர் எழுதிட்டு அதை எடுத்துட்டுப் போகணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல போனா மெமோ."

"எப்பக் கேட்டாலும் 'டோக்கன் வெளிய போயிருக்கு'ம்பா மேடம்," என்றாள் டெய்லர் மூக்கம்மாள். "அடக்கி அடக்கி அடிவயித்துல வலியே வந்துட்டு."

அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"அனுப்ரியா, அனுப்ரியா, அனுப்ரியா... ஒரே நாள்ல பதினோரு தடவை! தினமும் இப்படித்தான் இருக்கு. இது நீங்கதானாம்மா?"

அனுப்ரியா தலையை நிமிர்த்தவில்லை. "ஆமாங்க மேடம்."

"சுகர் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"அடி மகராசி! நாங்க காலை இடுக்கிக்கிட்டுத் தைக்கோம், நீ ஊர்வலமா போயிருக்க?" என்றாள் மூக்கம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சகாயராஜ் சிரிக்கவில்லை. "எழுதிக்கோங்க மேடம். முதலாளி குடுத்த நாற்காலியில உக்காந்தா தொழிலாளியும் இப்படித்தான் ஆயிடுவா."

மேனேஜர் வேல்குமார் முந்திக்கொண்டார். "டோக்கனை இன்னையோட எடுத்துடறோமுங்க மேடம். இந்தப் பொண்ணையும் இன்னையோட நிறுத்திடறோமுங்க."

"டோக்கன் இருக்கக் கூடாது. அதை எழுதிக் கொடுங்க. ஆளை நிறுத்தச் சொல்லி ஆணையம் கேக்கலை," என்றார் அதிகாரி.

வேல்குமார் எழுதிக் கொடுத்தார். ஆனால் அதிகாரியின் ஜீப் கிளம்பியதுமே அனுப்ரியாவை வெளியே போகச் சொல்லிவிட்டார். சகாயராஜ் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்கு வெளியே வந்தவளிடம், "போற இடத்துலயாவது திருந்தும்மா," என்றார்.

அதற்குள் தனி அறையில் துணி செக்கிங் பார்க்கும் அபிராமி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"ஓடாதே கண்ணு!" என்று பதறினாள் அனுப்ரியா.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க? உங்க பேரை எழுதிட்டு அத்தனை தடவையும் போனது நான்தானே! எனக்கு நாலு மாசம்னு சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்குமா?"

"சொல்லியிருந்தா இப்ப நீ கேட்டுக்கு வெளிய நின்னிருப்பே. மாசமா இருந்த ரெண்டு பேரைப் போன வருசம் நிறுத்துனது மறந்துபோச்சா? எனக்கு இன்னொரு கம்பெனி கெடைக்கும். உன்னைய எவன் சேப்பான்? இனி டோக்கனும் இல்லை, நோட்டும் இல்லை. உள்ள போ."

அபிராமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சகாயராஜ் அனுப்ரியா பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டு பேருக்காக நான் மனு போட்டேனேம்மா..."

"போட்டீங்க. 'நிர்வாகம்'னு பொதுவா எழுதிப் போட்டீங்க. பதிலே வரலீங்களே."

அவருக்கு முகம் சிவந்தது. யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டியிருந்தது.

"அது கிடக்கட்டும். உன்னைப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டானே, அந்தப் பாவி யாரு? சொல்லும்மா, இப்பவே போய்க் கேக்கேன்."

"நாந்தானுங்க."

"என்னது?"

"மேனேஜர் நோட்டைக் கேக்க ஆரம்பிச்சுட்டாருங்க. அவர் அதைப் புரட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி டோக்கனை ஒழிக்கோணும். ஆனா, 'தப்புப் பண்ணினவங்க பேரை எழுதாத புகாரை மன்றம் எடுக்காது'ன்னு நீங்கதானுங்க நோட்டீஸ் அடிச்சிருந்தீங்க. யார் பேரை எழுதறதுங்கய்யா? அதுதான் என்ற பேரையே எழுதிட்டேன்."