சுவரில் இரண்டு கடிகாரங்கள்

நம் நாட்டுக் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கிறது. அருகில் தொங்கும், ஆற்றின் மேல்பக்கம் அணை இருக்கும் அண்டை நாட்டின் கடிகாரத்தில் ஆறாகப் பத்து நிமிடம். மாலை வெயில் இரண்டு கண்ணாடிகளிலும் ஒன்றாகவே விழுகிறது. "ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிறோம் தங்கச்சி, குடைய எடுத்து வச்சுக்கங்க" என்று அணையிலிருந்து பேசிய புதுக் குரல் சிரித்தபடி தொலைபேசியை வைத்துவிட்டது. கேட்பவரின் மணியில்தான் நேரம் சொல்ல வேண்டும் என்பது இரு நாட்டு ஒப்பந்தம். பழைய ஆள் ஒருநாளும் பிசகியதில்லை. இவனுக்கு அது தெரியுமா? தன் நாட்டு மணியில் சொல்லியிருந்தால் இன்னும் பத்து நிமிடம்தான். ஆற்றங்கரை எச்சரிக்கை அறையில் பணியிலிருக்கும் அவள் அபாயச் சங்கை ஊதி, ஆறு மணிக்குத் தண்ணீர் என்று வாக்கி டாக்கியிலும் சொல்லிவிட்டாள். சன்னலுக்குக் கீழே, வறண்ட ஆற்றின் நடுவில் பாலத்தூணுக்குச் சிமெண்ட் பூசும் அவள் தம்பி கரண்டியைத் தூக்கிக் காட்டுகிறான். வாக்கி டாக்கி கரகரக்கிறது. "ஆறுக்குத்தானேக்கா? இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கிடக்கு. ஈரச் சிமெண்ட்ட அப்படியே போட்டுட்டு ஓடி வரச் சொல்றியா?" அவள் மறுபடியும் சங்கின் பொத்தானை அழுத்துகிறாள், மறு கையால் அணையை அழைக்கிறாள். யாரோ எடுக்கிறார்கள். பேச்சில்லை; ஓர் இரைச்சல் மட்டும் வருகிறது. அது தொலைபேசிக் கம்பியின் இரைச்சலா, தண்ணீருடையதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அண்ணே, உங்க ஆறா, எங்க ஆறா?"