உறுமும் கிடார்

பாரிசிலிருந்து மாமா அனுப்பிய ரெக்கார்டில் கிடார் உறுமுவதுபோலத் தன் கிடாரும் உறும வேண்டும் என்பது மதியழகனின் ஆசை. இத்தனை நாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத அப்பா சோமசேகரன், இன்று அவராகவே அவனைக் காரைக்கால் ரேடியோ கடைக்கு அழைத்து வந்திருந்தார்.

"இந்தச் சின்னப் பெட்டிய கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டுனா, மெதுவா வாசிச்சாலே உறுமும் தம்பி" என்றார் கடைக்காரர்.

"அந்த வால்வு ஆம்ப்ளிபயர்?" என்று கேட்டார் சோமசேகரன்.

"அதுவும் உறுமும்ங்க. ஆனா சத்தத்த முழுசா வச்சாத்தான். தெருவே அதிரும்."

"அதையே கட்டுங்க."

மதியழகன் நெகிழ்ந்துபோனான். "சின்னதே போதும்ப்பா. நாலு பேரு உங்களை ஏதாவது சொல்லுவாங்க."

"ஒளிஞ்சு வாசிக்கிறவன் நம்ம குடும்பத்துல கிடையாதுடா."

வீட்டுக்கு வந்ததும் அவரே நாற்காலியில் ஏறி, ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கரை பீரோவின் மேல் மல்லாக்க வைத்தார்.

"ஏம்ப்பா, கூரையைப் பாத்து வைக்கிறீங்க?"

"தை மாசம் உன் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்து இருக்க மாடி வேணும். அங்க குடியிருக்கிறவர வாயத் திறந்து காலி பண்ணச் சொல்றது நம்ம குடும்பத்துக்கு அழகா?" என்றபடி இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நீ வாசி."