சரண்யாவின் இடம்

"இன்னிக்கும் உங்க க்ளாஸ்லதானா?" லூர்துமேரி டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னிக்கும்தான். தெனமும் இதே கூத்து."

ரேணுகா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறாம் வகுப்பில் அவள் கணக்கு நடத்தும்போதெல்லாம் தலைமை ஆசிரியர் ராஜாங்கம் உள்ளே வந்து பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சந்தையில் மாடு பார்க்க வந்தவர் மாதிரி தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறார், அந்தப் பக்கம் சாய்க்கிறார். மணி அடித்ததும் எழுந்து போய்விடுகிறார்.

அதுவும் எங்கே உட்காருகிறார்? சரண்யாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, சுவரோரம் அவள் இடத்தில்!

அங்கேதான் இடித்தது.

சரண்யா காப்பி அடிக்கிறாள் என்று அவரிடம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியதே ரேணுகாதான். போர்டில் கணக்கு எழுதிப் போட்டால் போதும், பக்கத்திலிருக்கும் முபீனாவின் நோட்டுக்குள் தலையை விட்டுவிடுவாள். அடித்தும் பார்த்தாயிற்று, வெளியே நிற்க வைத்தும் பார்த்தாயிற்று. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

அன்றைக்கு அவள் அம்மா ஆராயி உப்பளத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். காலெல்லாம் உப்பு.

"திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டு இவ படிக்க வேணாம் சார். நாளையிலேருந்து என்னோட உப்பு வார வரட்டும்."

"ஒரு வாரம் பொறும்மா. நான் என்னன்னு பாக்கறேன்" என்றார் ராஜாங்கம்.

மறுநாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர்தான்.

"திருடுனது அவ. போலீஸ் எனக்கா?" என்று பொருமினாள் ரேணுகா.

"உங்களுக்கு விஷயமே தெரியாதா டீச்சர்? அவரு மச்சினி கிளியனூர் பக்கம் வேலை பாக்கறாங்க. இங்க வரணும்னு துடிக்கிறாங்களாம். அதுக்கு யாராச்சும் எடத்தைக் காலி பண்ணணும்ல?" என்றாள் லூர்துமேரி.

ரேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு, கைக்குழந்தை, மாமியார் எல்லாம் இதே மரக்காணத்தில். எங்கேயாவது தூக்கிப் போட்டால் என்ன செய்வது? இவளுக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று மேலிடத்துக்கு எழுதிப் போடத்தான் மனுஷன் குறை தேடுகிறார். சரண்யாவிடம் வேறு குசுகுசுவென்று என்னவோ கேட்கிறார். சாட்சியும் ரெடி!

மறுநாள் விடிந்ததும் கலர் சாக்பீஸ் வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்கே போனாள். போன மார்கழியில் சுனாமி வந்த பிறகு, யாரோ புண்ணியவான்கள் பள்ளிக்கூடம் முழுக்கப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். போர்டுக்கும் அடித்ததில், அது கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் முத்து முத்தாக எழுதி நடத்தினாள். ராஜாங்கம் அப்போதும் தலையைத்தான் சாய்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் வழிமறித்தாள்.

"சார், என் க்ளாஸ்ல என்ன குறைன்னு நேருக்கு நேரா சொல்லிடுங்க."

"நீங்க நல்லாதாம்மா நடத்துறீங்க. எனக்கே புரியுது."

"அப்புறம் எதுக்கு சார் தெனமும் வர்றீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"வாயால சொன்னா தப்பா எடுத்துக்குவீங்க. நாளைக்கு நான் கணக்கு நடத்தறேன். நீங்க சரண்யா எடத்துல உக்காந்து பாருங்க."

"பாத்தீங்களா டீச்சர்? பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படுத்தப் பாக்கறாரு" என்றாள் லூர்துமேரி.

மறுநாள் ரேணுகா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சரண்யாவை முன் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, ராஜாங்கம் போர்டில் எழுத ஆரம்பித்தார்.

"எல்லாரும் எழுதிக்குங்க. டீச்சரும்தான்."

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். ரேணுகா பேனாவைத் திறந்தாள். மனுஷன் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டாலும் விடக்கூடாது என்று நிமிர்ந்தாள்.

போர்டில் எண்ணே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு, வெயிலோடு சேர்ந்து போர்டின் பளபளப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளை, வெறும் வெள்ளை. கண் கூசியது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

முன் பெஞ்சில் சரண்யா யாரையும் திரும்பிப் பார்க்காமல் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா? அடுத்த கணக்குக்குப் போலாமா?" ராஜாங்கம் டஸ்டரை எடுத்தார்.

பதறிப்போன ரேணுகா டீச்சர், சட்டென்று முபீனாவின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.