கன்னடம் மட்டும்

“வீட்ல ரெண்டு பாஷை வேண்டாம்மா, குழந்தை குழம்பிடும். கன்னடம் மட்டும் பேசுங்க.”

மைசூரில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நடந்த பயிற்சி வகுப்பில் இப்படிச் சொன்னார்கள். உமாதேவி அன்றோடு மகனிடம் தமிழ் பேசுவதை விட்டாள்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. கிரணுக்கு ஆறு வயது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

காலண்டரிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய தண்ணீர்ப் படத்தை இன்றும் நீட்டினாள்.

“நீரு அன்னு, கந்தா. நீரு...” என்று அவனைச் சொல்லச் சொன்னாள்.

அவன் சுவரையே பார்த்தான். நாற்பது தடவை சொல்லிவிட்டு, அட்டைகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

“முடியலடா சாமி!”

தினமும் டப்பாவை மூடும்போது அவள் தன்னையறியாமல் தமிழில் முனகுவது அதுதான். ஆனால் இன்று அவள் வாயைத் திறக்கவே இல்லை.

குரல் வந்த பக்கம் திரும்பினாள். கிரண் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குந்தாண்டா கண்ணு முடியல,” என்றாள். கன்னடம் மறந்தே போயிருந்தது.